விட்சர்: நாவல் முடிகிற இடமும் கேம் தொடங்குகிற இடமும்

'விட்சர் 3' வீடியோ கேமை முடித்த சூட்டோடு, அதற்கு அடிப்படையான போலிஷ் நாவல்களை வாங்குகிறவர்கள் சீக்கிரமே குழம்பிப்போகிறார்கள். ப்ளடி பாரன் எங்கே? சதுப்புநிலத்துக் கிழவிகள் மூவரும் எங்கே? மனிதர்களின் ஆசையை நிறைவேற்றிவிட்டு ஆன்மாவை வசூல் செய்கிற கான்டர் ஓ'டிம் எங்கே? எல்லாப் புத்தகங்களையும் புரட்டினாலும் இவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார்கள். அத்தனை பேரும் கேமை எழுதியவர்களின் படைப்பு.

நாவலைப் படித்தவர்கள் கேமைத் திறக்கும்போது குழப்பம் தலைகீழாக வருகிறது. நாயகன் கெரால்ட், அரக்கர்களை வேட்டையாடும் விட்சர், செத்துப்போனவன் ஆயிற்றே, இங்கே குளியல் தொட்டியில் உட்கார்ந்து என்ன செய்கிறான்?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் நாவல்களை கேமாக மாற்றவில்லை. நாவல்கள் முடிந்த இடத்திலிருந்து புதிதாக ஒரு கதை எழுதியது. அது நாவலாசிரியர் ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி எழுதாத தொடர்ச்சி, அவர் தொடர்ச்சி என்று ஏற்றுக்கொள்ளாத தொடர்ச்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படி அணுகலாம், எந்த வரிசையில், எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்று பார்க்கலாம். வழியில் கதை முடிவுகள் உடைபடும். ஒன்றுமே தெரியாமல் தொடங்க விரும்புகிறவர்கள் புத்தக வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றின் அட்டையில் கேமின் படம் இருக்கும். அதைப் பார்த்து, கேம் ஓடியதால் எழுதப்பட்ட புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் தவறு உலகெங்கும் நடந்தது, சப்கோவ்ஸ்கியே இதைப் பற்றிப் பலமுறை புலம்பியிருக்கிறார். அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தில் காப்புரிமை ஆண்டைப் பாருங்கள். முதல் சிறுகதை போலந்தின் 'ஃபான்டாஸ்டிகா' இதழில் வந்தது 1986இல். மையக் கதையின் கடைசி நாவல் வந்தது 1999இல். முதல் கேம் வந்தது 2007இல்தான். மூலப் பதிப்பின் ஆண்டு 1990களில் இருந்தால் அது அசல். டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் புத்தகங்கள் வேறு கணக்கு, அவற்றை நாவல்களோடு சேர்க்கவேண்டாம்.

படிக்கவேண்டிய வரிசை: முதலில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், 'தி லாஸ்ட் விஷ்', 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி'. பிறகு ஐந்து நாவல்கள்: 'ப்ளட் ஆஃப் எல்வ்ஸ்', 'டைம் ஆஃப் கன்டெம்ப்ட்', 'பாப்டிசம் ஆஃப் ஃபயர்', 'தி டவர் ஆஃப் தி ஸ்வாலோ', 'தி லேடி ஆஃப் தி லேக்'. 2013இல் போலிஷில் வந்த 'சீசன் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' கதைப்படி முதல் தொகுப்பின் காலத்தில் நடக்கிறது. ஆனால் அதன் கடைசிப் பக்கங்கள் ஐந்து நாவல்களையும் முடித்தவருக்குத்தான் உறைக்கும், ஆகவே கடைசியில் வையுங்கள். கெரால்டின் இளமைக் காலத்தைச் சொல்லும் 'க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ரேவன்ஸ்' 2024இல் போலிஷிலும் 2025இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதுவும் அப்படியே.

இதில் அதிகம் பேர் தவறவிடுவது 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி'. காரணம் வாசகர்கள் அல்ல. ஆங்கிலத்தில் 'தி லாஸ்ட் விஷ்' 2007இல் வந்தது, அடுத்து வந்தது நாவல் வரிசையின் முதல் புத்தகம். இரண்டாவது தொகுப்பு 2015இல்தான் மொழிபெயர்க்கப்பட்டது. அதற்குள் பழைய வரிசைப்படி போட்ட பட்டியல்கள் இணையமெங்கும் பரவிவிட்டன, இன்னும் கிடக்கின்றன. அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போனால் சிரி யார், அவளுக்கும் கெரால்டுக்கும் என்ன உறவு என்பதே கிடைக்காது. ப்ரோகிலான் காட்டில் இருவரும் முதன்முதலாகச் சந்திப்பதும், போர் முடிந்தபின் ஒரு வணிகனின் வீட்டு வாசலில் மறுபடி சந்திப்பதும் அதில்தான். 'விட்சர் 3' முழுக்க கெரால்ட் தன் வளர்ப்பு மகளான சிரியைத் தேடும் கதை. அந்தத் தேடலின் வேர் இந்த இரண்டு சிறுகதைகள்.

நேரம் இல்லாதவர்களுக்கு

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கேமைத் தொடவேண்டும் என்று சொன்னால் நடக்கிற காரியமில்லை. இரண்டு தொகுப்புகளிலும் தலா ஆறு கதைகள். அவற்றில் ஐந்தை மட்டும் படித்தாலும் 'விட்சர் 3' வேறு விளையாட்டாக மாறிவிடும்.

'தி லெஸ்ஸர் ஈவில்': கெரால்டைப் 'ப்ளாவிக்கன் கசாப்புக்காரன்' என்று ஊரார் திட்டுவது ஏன் என்பதற்கு. 'எ கொஸ்டின் ஆஃப் ப்ரைஸ்': சிரியின் தாய்தந்தை யார், கெரால்ட் எப்படி அவளுக்குப் பொறுப்பாளி ஆனான் என்பதற்கு. 'தி லாஸ்ட் விஷ்': கெரால்டின் காதலியான மந்திரக்காரி யென்னஃபர். 'தி சோர்ட் ஆஃப் டெஸ்டினி', 'சம்திங் மோர்': சிரி. ஐந்தையும் இதே வரிசையில் படியுங்கள்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். புத்தகம் கேமைக் கெடுப்பது குறைவு, கேம் புத்தகத்தைக் கெடுப்பது மிக அதிகம். நில்ஃப்கார்ட் பேரரசர் எம்ஹிர் உண்மையில் யார் என்பதை சப்கோவ்ஸ்கி 'எ கொஸ்டின் ஆஃப் ப்ரைஸ்' கதையில் விதைத்து, கடைசி நாவலில்தான் அறுவடை செய்கிறார். 'விட்சர் 3' அதை ஆரம்ப மணிநேரங்களிலேயே, அறிமுகம் போல, போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. எப்படியும் நாவல் படிக்கத்தான் போகிறோம் என்கிறவர்கள் முதலில் படித்துவிடுங்கள்.

ரிவியா: இரண்டையும் இணைக்கும் கீல்

'தி லேடி ஆஃப் தி லேக்' முடிவில் ரிவியா நகரத்தில் கலவரம். மனிதர் அல்லாதவர்களைக் கும்பல் கொன்று குவிக்கிறது. எத்தனையோ அரக்கர்களை வென்ற கெரால்டை ஓர் இளைஞன் கவைக்கோலால் குத்துகிறான். வைக்கோல் அள்ளும் கவைக்கோல். காப்பாற்றப் பார்க்கும் யென்னஃபரும் சாய்கிறாள். சிரி இருவரையும் படகில் ஏற்றி, ஆப்பிள் மரங்கள் நிறைந்த ஓரிடத்துக்குக் கொண்டுபோகிறாள். இறந்தார்களா, பிழைத்தார்களா என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. ஆர்தர் மன்னனின் அவலான் தீவை நினைவூட்டும் அந்த முடிவைத் திறந்தே விட்டுவிட்டார்.

அந்தத் திறப்பு வழியாகத்தான் கேம் உள்ளே நுழைந்தது. கலவரம் 1268. முதல் கேம் தொடங்கும் ஆண்டு 1270. விட்சர்களின் காயர் மோர்ஹென் கோட்டைக்கு அருகே கெரால்ட் கிடக்கிறான், நினைவு எதுவும் இல்லை. இந்த மறதி சாமர்த்தியமான ஏற்பாடு. நாவலே படிக்காத விளையாட்டாளனுக்கும் நாயகனுக்கும் ஒரே அளவு அறியாமை, இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. முதல் கேமில் யென்னஃபரும் சிரியும் மேடைக்கே வருவதில்லை. அவர்களின் இடத்தில் மந்திரக்காரி ட்ரிஸ், மருத்துவர் ஷானி, ஆல்வின் என்ற சிறுவன். ஆல்வினை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி, நாவலில் சிரியைச் சுற்றி நடந்ததன் நிழல்தான். படித்தவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். இரண்டாம் கேமில் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, மூன்றாவது நடப்பது 1272இல்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். இணையத்தில் கதைச் செய்தி ஒன்றைப் பார்த்து 'இது நாவலா, கேமா?' என்று சந்தேகம் வந்தால், அது ரிவியாவுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். பின் என்றால் அநேகமாக கேம். முன் என்றால் பெரும்பாலும் நாவல், ஆனால் நூறு சதவீதம் இல்லை. விட்சர் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் பவுன்டி வேட்டைக்காரன் போன்ஹார்ட் ஓநாய், கிரிஃபின், பூனை என்று மூன்று பதக்கங்களை வைத்துக்கொண்டு பெருமையடிக்கிறான். கரடி, விரியன், மான்டிகோர் பள்ளிகளும் அவற்றின் கவசங்களும் வரைபடங்களும் கேமில் முளைத்தவை. விளையாட்டுக்கு ஆறு வகைக் கவசம் தேவைப்பட்டது, வரலாறு பின்னால் வந்து சேர்ந்தது.

விட்சர் 3 தொடங்கும்போது

புதிய விளையாட்டைத் தொடங்கும் திரையில் 'விட்சர் 2' சேவ் (சேமித்த ஆட்டம்) ஒன்று இருப்பதுபோல் பாவனை செய்யும் தேர்வு இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், பிறகு மாற்ற முடியாது. ஆன் செய்திருந்தால், வைட் ஆர்ச்சர்ட் பகுதி முடிந்து விசிமா அரண்மனையில் கெரால்டுக்குச் சவரம் நடக்கும்போது மோர்வ்ரன் வோர்ஹிஸ் என்ற நில்ஃப்கார்ட் தளபதி பழைய சம்பவங்களை விசாரிப்பான். பேச்சுவாக்கில் வரும் கேள்விகள்தான், ஆனால் ஒவ்வொரு பதிலும் உலகத்தை அமைக்கிறது. இரண்டாம் கேமில் மன்னர்களைக் கொன்ற விட்சர் லேத்தோவை உயிரோடு விட்டேன் என்று சொன்னால் வெலன் பகுதியில் ரியர்டன் பண்ணையில் அவன் இருப்பான், பின்னால் காயர் மோர்ஹென் கோட்டைப் போருக்கும் அழைக்கலாம். கொன்றுவிட்டேன் என்றால் அந்தக் குவெஸ்டே (கேமில் கிடைக்கும் பணி) கிடையாது. இரண்டாம் கேமை விளையாடாதவர்கள் லேத்தோவை வாழவிடுங்கள், அதில் துணைக்குத் தேர்ந்தெடுக்கும் இருவரில் ரோஷுடன் சேர்ந்ததாகச் சொல்லுங்கள். மூன்றாவதில் ரோஷ் வருகிறான், மற்றவனான அயோர்வெத் வருவதில்லை.

ஜின்னும் ஓர் ஆசையும்

சிறுகதைக்கும் கேமுக்கும் உள்ள உறவை ஒரே இடத்தில் பார்க்கவேண்டும் என்றால் ஸ்கெல்லிகே தீவுகளில் வரும் 'தி லாஸ்ட் விஷ்' குவெஸ்டைப் பாருங்கள்.

சிறுகதையில் மீன்பிடிக்கப் போன இடத்தில் கெரால்டும் பாடகன் நண்பனும் ஒரு ஜின்னை விடுவித்துவிடுகிறார்கள். ரிண்டே நகரத்தில் யென்னஃபர் அதைப் பிடித்து அடக்கப் பார்க்கிறாள், அது அவளைக் கொல்லப் போகிறது. கெரால்டிடம் ஓர் ஆசை மிச்சமிருக்கிறது. ஜின் தன் எஜமானனைக் கொல்ல முடியாது என்பதால், அவளுடைய விதியைத் தன்னோடு பிணைக்கும்படி ஏதோ கேட்கிறான். என்ன வார்த்தைகளில் கேட்டான் என்பதை ஆசிரியர் வாசகனுக்குச் சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் பிறகு வரும் அத்தனை புத்தகங்களிலும் ஒரு சந்தேகமாக ஓடுகிறது: இவர்கள் காதலிக்கிறார்களா, மந்திரம் பிணைத்திருக்கிறதா?

கேம் அந்தச் சந்தேகத்தைக் கையில் எடுக்கிறது. யென்னஃபர் இன்னொரு ஜின்னைத் தேடிப்பிடித்து அந்தப் பிணைப்பை அறுக்கச் சொல்கிறாள். அறுந்தபின், மலையுச்சியில் கிடக்கும் உடைந்த கப்பலில் உட்கார்ந்து கேட்கிறாள்: இப்போது என்ன தோன்றுகிறது? திரையில் இரண்டு பதில்கள். கதை படிக்காதவருக்கு இது காதலியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான ஒரு பட்டன். படித்தவருக்கு, ஆசிரியர் 1990களில் திறந்து விட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லும் இடம். கேமின் ஆகச்சிறந்த எழுத்து இதுதான், ப்ளடி பாரன் கதையைவிடவும்.

நடைமுறை எச்சரிக்கை ஒன்று. இங்கே யென்னஃபரிடம் காதலைச் சொல்லிவிட்டு, நோவிகிராட் துறைமுகத்தில் 'நவ் ஆர் நெவர்' குவெஸ்டில் ட்ரிஸிடமும் சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து கெரால்டைக் கட்டிலில் கட்டிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் இருவருமே இல்லை. துறைமுகக் காட்சி வருமுன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நாவல் கொஞ்சம் கசக்கும். புத்தகத்தில் அவள் யென்னஃபரின் தோழி. கெரால்டோடு அவளுக்கு ஏற்பட்ட உறவு சிறியது, அதிலும் கொஞ்சம் மந்திரம் கலந்திருந்தது என்று 'ப்ளட் ஆஃப் எல்வ்ஸ்' அவள் மனதுக்குள்ளிருந்தே ஒப்புக்கொள்கிறது. தோற்றமும் வேறு. கேமில் செந்நிற முடி, ஆழமாகத் திறந்த கழுத்து. நாவலில் பழுப்பு முடி, சாடன் குன்றுப் போரில் மார்பு வெந்து தழும்பானதால் கழுத்து இறங்கிய உடையை அவள் அணிவதே இல்லை. இறந்தோர் பட்டியலில் தவறுதலாகப் பெயர் பொறிக்கப்பட்ட பெண் அவள். கேம் இந்த ஒன்றைத் தொலைத்தது பெரிய இழப்பு.

மாறிப்போன மற்றவை

எம்ஹிர்: கேமில் மகள் சிரியை வாரிசாக்க நினைக்கும் கடுமையான தந்தை. நாவலில் அரியணைக்காகவும் ஒரு தீர்க்கதரிசனத்துக்காகவும் சொந்த மகளையே மணக்கத் திட்டமிட்டவன், கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிறான். நாவல் படித்துவிட்டு, கேம் முடிவில் சிரியை அவனிடம் பேரரசியாக அனுப்ப மனம் வருவது கடினம். அந்த முடிவுக்குக் காரணமான தேர்வுகளில் ஒன்று, அவளை விசிமாவுக்கு அழைத்துப் போவதா இல்லையா என்பது. படித்தவர்களும் படிக்காதவர்களும் அங்கே வெவ்வேறு பக்கம் போவதில் வியப்பில்லை.

வெண்பனி: கேமில் சிரி தனியாகப் போய்த் தடுக்கவேண்டிய பேராபத்து. நாவல்களில் அது பனியுகம், இயற்கையாக, மெல்ல வருவது. வாளால் வெட்டக்கூடியது அல்ல.

இரண்டு வாள்: கேமில் இரண்டும் எப்போதும் முதுகில். புத்தகத்தில் முதுகில் இருப்பது பொதுவாக எஃகு வாள், வெள்ளி வாள் தனியாகச் சுற்றிவைக்கப்பட்டு, வேட்டைக்குப் போகும்போதுதான் வெளியே வரும்.

க்வென்ட்: 'பாப்டிசம் ஆஃப் ஃபயர்' நாவலில் ஸோல்டானின் குள்ளர் கூட்டம் விளையாடும் சீட்டாட்டத்தின் பெயர். கேமில் வரும் விதிகள் புதிதாக உருவாக்கப்பட்டவை. அந்த நாவலில் கெரால்டோடு நடந்த வில்லாளி மில்வா கேமில் ஒரு க்வென்ட் கார்டாக வருகிறாள். நாவலில் அவள் முடிவு தெரிந்தவர்களுக்கு அந்தக் கார்டு கையில் வரும்போது தொண்டை அடைக்கும்.

பெயர்கள்: பாடகனின் போலிஷ் பெயர் யாஸ்கியர். அது ஒரு மஞ்சள் பூவின் பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பு அவனுக்கு வேறொரு மஞ்சள் பூவின் பெயரை வைத்து டான்டிலியன் ஆக்கியது, கேமும் அதையே எடுத்துக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் யாஸ்கியர் என்கிறது. ஆள் ஒருவனே. அந்தத் தொடர், பெயரளவில், நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டது, கேமின் கதையைத் தொடவில்லை.

இரண்டு டிஎல்சி, இரண்டு வழி

டிஎல்சி என்பது கேமுக்குப் பின் வரும் கூடுதல் கதைப் பகுதி. 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' (2015) சுமார் 10 மணிநேரம், 'ப்ளட் அண்ட் வைன்' (2016) சுமார் 20 மணிநேரம் என்று நிறுவனமே அறிவித்தது. இரண்டையும் முதன்மைக் கதை முடித்து, 30ஐத் தாண்டிய லெவலில் தொடங்குங்கள்.

முதலாவதற்கு சப்கோவ்ஸ்கியைத் தேடிப் பயனில்லை, போலந்தின் நாட்டார் கதையைத் தேடவேண்டும். பான் ட்வார்டோவ்ஸ்கி பிசாசோடு ஒப்பந்தம் போட்டவன். ரோம் நகரில்தான் தன் ஆன்மாவை எடுக்கலாம் என்று நிபந்தனை வைத்தான், அந்த ஊர்ப் பக்கமே போகாமல் தப்பித்துவந்தான். ஒருநாள் அவன் நுழைந்த சத்திரத்தின் பெயர் ரோம். கதையில் அவன் போய்ச் சேருமிடம் நிலா. கேமில் ஓ'டிம்மிடம் ஆசை கேட்ட ஒல்கியர்டின் ஒப்பந்தம் அவனும் ஓ'டிம்மும் நிலாவின் மேல் நிற்கும்போது தீரும். அவர்கள் நிற்பது கோயில் தரையில் பதித்த நிலா ஓவியத்தின் மேல். சத்திரத்தின் பெயர்ப்பலகைத் தந்திரமேதான், தரைக்கு இறங்கியிருக்கிறது. சப்கோவ்ஸ்கியும் தன் முதல் சிறுகதையை இப்படி ஒரு பழைய போலிஷ் கதையிலிருந்துதான் எடுத்தார், அவரது வரிகளை எடுக்காமல் அவரது முறையை எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நேர்மாறாக, நாவலுக்குள் குடியிருக்கிறது. டூசான்ட் நாடு, சீமாட்டி அன்னா ஹென்ரியெட்டா, டான்டிலியனோடு அவளுக்கிருந்த பழைய விவகாரம் எல்லாம் 'தி லேடி ஆஃப் தி லேக்' சொன்னவை. முக்கியமாக ரெஜிஸ். ரத்தம் குடிப்பதை விட்டுவிட்ட ரத்தக்காட்டேரி, மருத்துவன், மாந்த்ரேக் வேரில் சாராயம் வடிப்பவன். ஸ்டிக்கா கோட்டையில் மந்திரவாதி வில்கெஃபோர்ட்ஸ் அவனை உருக்கிவிட்டான் என்பதோடு நாவல் முடித்துக்கொள்கிறது. கேம் அவனை மீட்டுக் கொண்டுவந்து கெரால்ட் முன் நிறுத்துகிறது. கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அதே வேர்ச்சாராயம் குடிக்கும் காட்சியை, 'பாப்டிசம் ஆஃப் ஃபயர்' படிக்காமல் பார்ப்பது வீண். இந்த டிஎல்சியை மட்டும் நாவல்களை முடித்தபின் விளையாடுங்கள் என்று கண்டிப்பாகவே சொல்லலாம்.

ஆசிரியர் என்ன சொல்கிறார்

கேம்கள் தன் நூல்களின் தொடர்ச்சி அல்ல, கதையின் உரிமை தனக்கு மட்டுமே என்பது சப்கோவ்ஸ்கியின் நிலை. அதில் கசப்பும் உண்டு. விற்பனையில் பங்கு தருகிறோம் என்றபோது வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். பிறகு 'விட்சர் 3' மட்டும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2018 அக்டோபரில் அவரது வழக்கறிஞர்கள் குறைந்தது 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். 2019 டிசம்பரில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இதை வைத்து நாவல் உயர்த்தி, கேம் தாழ்த்தி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பணத் தகராறு வேறு, கதை வேறு.

2024 டிசம்பரில் முன்னோட்டம் வெளியான நான்காம் கேமில் நாயகி சிரி. கேம்களின் காலவரிசையைப் பின்தொடரும் கதை என்பதால், அதற்குத் தயாராக நாவல்கள் மட்டும் போதாது. மூன்றாம் கேமையும் முடித்து வைத்திருங்கள்.